மாதிரி ஹெலிகாப்டருக்கு எந்த நீளத்தில் பிளேடு பொருத்துவது?

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி ஹெலிகாப்டருக்குப் புதிய பிளேடு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இப்போது இருப்பதைவிடச் சற்று நீளமானதைப் பொருத்தினால் தூக்குவிசை கூடுமா என்பதுதான். கூடும். ஆனால் அந்த ஒரு பதிலை நம்பி வாங்கிவிட்டால், மேலே சுழலும் மெயின் பிளேடு வாலில் சுழலும் டெயில் பிளேடில் மோதி இரண்டும் ஒரே நொடியில் நொறுங்கிவிடக்கூடும். ஆகவே பிளேடின் நீளத்தைத் தீர்மானிக்கும் வேலையை வால் பகுதியை அளப்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் அளக்கும் முறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிளேடின் நீளம் என்று விற்பனையில் குறிக்கப்படுவது, அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட் நுழையும் துளையின் மையத்திலிருந்து நுனி வரை உள்ள தூரம். அடி விளிம்பிலிருந்து அளந்தால் கணக்கு தவறிவிடும். ஹெலிகாப்டரின் வகுப்பு எண்ணை அப்படியே பிளேடு நீளமாக எடுத்துக்கொள்வதும் எப்போதும் பொருந்தாது. 600, 700 வகுப்புகளில் அந்த எண் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பிளேடின் நீளத்தையே குறிக்கிறது. 450 வகுப்பிலோ வழக்கமான பிளேடு 325 மி.மீ. அளவுதான், 500 வகுப்பில் அது 425 மி.மீ. அளவில் இருக்கும். எனவே பெட்டியில் அச்சிட்ட வகுப்பைப் பார்க்காமல், கையேட்டில் உள்ள நீளத்தைப் பார்ப்பதே நல்லது.

ரோட்டரின் முழு விட்டம் என்பது இரண்டு பிளேடுகளின் நீளத்தோடு, ஹெட்டில், அதாவது பிளேடுகளைப் பிடித்திருக்கும் மையப் பகுதியில், எதிரெதிராக உள்ள இரண்டு போல்ட்டுகளுக்கு இடையிலான தூரத்தையும் கூட்டினால் கிடைப்பது. 600 மி.மீ. பிளேடும் 150 மி.மீ. போல்ட் இடைவெளியும் உள்ள ஹெலிகாப்டரில் விட்டம் 1350 மி.மீ., ஆரம் 675 மி.மீ. ஆகும். இனி வால் பக்கம் வருவோம். மெயின் ரோட்டரின் அச்சான மெயின் ஷாஃப்டின் மையத்திலிருந்து டெயில் ஷாஃப்டின் மையம் வரை உள்ள தூரத்தை அளந்து, அதிலிருந்து மெயின் ரோட்டரின் ஆரத்தையும் டெயில் ரோட்டரின் ஆரத்தையும் கழித்தால் மிஞ்சுவதே உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. அந்தத் தூரம் 815 மி.மீ., டெயில் ரோட்டரின் ஆரம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்: 600 மி.மீ. பிளேடுக்கு 20 மி.மீ. மிஞ்சும், 610 மி.மீ. பிளேடுக்கு 10 மி.மீ. மட்டுமே மிஞ்சும், 630 மி.மீ. பிளேடோ டெயில் பிளேடின் வட்டத்துக்குள்ளேயே 10 மி.மீ. புகுந்துவிடும். 10 மி.மீ. இடைவெளியை நான் போதுமானதாகக் கருதுவதில்லை. பறக்கும்போது பிளேடுகள் போல்ட்டைச் சுற்றிச் சற்று முன்பின்னாக நகர்கின்றன, வாலைத் தாங்கும் நீண்ட குழாயான டெயில் பூமும் ஓரளவு வளைகிறது. இதைவிட நீளமான பிளேடு வேண்டுமென்றால் நீண்ட பூம், டெயில் ரோட்டரைச் சுழற்ற அதற்கேற்ற பெல்ட் அல்லது டார்க் டியூப் என்னும் சுழலும் குழல், டெயில் பிட்சை (பிளேடின் சாய்வுக் கோணத்தை) இயக்கும் நீண்ட கம்பி ஆகியவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும்.

இடைவெளி போதுமானதாக இருந்தால் அடுத்த கேள்வி மோட்டாரைப் பற்றியது. பிளேடின் அகலமும் சுழற்சி வேகமும் பிட்சும் மாறாமல் நீளம் மட்டும் கூடினால், தூக்குவிசை ஏறக்குறைய ரோட்டர் ஆரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பவும், பிளேடைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பவும் உயர்கின்றன. மேலே சொன்ன ஹெலிகாப்டரில் 630 மி.மீ. பிளேடைப் பொருத்த முடிந்தால் ஆரம் 705 மி.மீ. ஆகும். இந்த நாலரை விழுக்காடு உயர்வுக்குக் கிடைக்கும் கூடுதல் தூக்குவிசை சுமார் 14 விழுக்காடு. மோட்டார் ஏற்க வேண்டிய கூடுதல் முறுக்குவிசையோ சுமார் 19 விழுக்காடு. அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டிருந்தால் மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான ஈஎஸ்சியும் சூடாகும், பேட்டரி விரைவில் தீரும்.

ஆனால் நீளமான பிளேடை அதே வேகத்தில் சுழற்ற வேண்டிய தேவையே இல்லை. அதன் உண்மையான பயன் வேகத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது. ஒரே எடையைத் தாங்க அகன்ற வட்டத்தில் அதிகக் காற்றை மெதுவாகக் கீழே தள்ளுவது, குறுகிய வட்டத்தில் குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடக் குறைந்த ஆற்றலையே கேட்கிறது. அமைதியாக, நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்கவும் நிதானமாகப் பறக்கவும் விரும்புவோருக்கு நீண்ட பிளேடும் குறைந்த வேகமும் ஏற்றவை. கூர்மையான திருப்பங்களையும் தலைகீழ்ச் சாகசங்களையும் விரும்புவோர் கையேட்டில் உள்ள நீளத்தையே வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவதுதான் சரி. நிமிடத்துக்கு 2000 சுற்றில் 1350 மி.மீ. ரோட்டரின் நுனி நொடிக்குச் சுமார் 141 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் செல்கிறது. 1410 மி.மீ. விட்டத்தில் அதே நுனி வேகத்துக்கு 1915 சுற்றே போதும். வேகத்தைக் குறைக்க, சுழற்சி வேகத்தை நிலையாக வைத்திருக்கும் கவர்னரின் அமைப்பை மாற்றலாம். ஆனால் த்ராட்டில் மிகத் தாழ்ந்த நிலையில் நெடுநேரம் இயங்கினால் ஈஎஸ்சி சூடாகும் என்பதால், மோட்டார் அச்சில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனில் 13 பல் உள்ளதற்குப் பதில் 12 பல் உள்ளதைப் பொருத்துவதை நான் விரும்புகிறேன். அது வேகத்தை ஏறக்குறைய 8 விழுக்காடு குறைக்கும்.

மோட்டார் சமாளித்தாலும் ஹெட் தாங்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 130 கிராம் எடையுள்ள ஒரு பிளேடின் எடை மையம் ஷாஃப்டிலிருந்து 38 செ.மீ. தள்ளி இருந்து, 2000 சுற்றில் ஓடினால், அந்த ஒரே போல்ட்டில் இழுக்கும் விசை 200 கிலோ எடைக்கும் மேலாகிறது. ஆகவே அடிப்பகுதியின் தடிமனும் துளையின் விட்டமும், பிளேடைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பின் அளவோடு துல்லியமாகப் பொருந்தியாக வேண்டும். 600 வகுப்பில் பொதுவாக 12 மி.மீ. தடிமனும் 4 மி.மீ. துளையும், 700 வகுப்பில் 14 மி.மீ. தடிமனும் 5 மி.மீ. துளையும் காணப்படும். தடிமன் குறைந்தால் பிளேடுடன் வரும் வாஷர்களை இருபுறமும் சமமாக இட்டு நிரப்பலாம். துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். மரத்தாலான பிளேடுகளை மிதமான வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். கார்பன் ஃபைபர் பிளேடானாலும் விரிசல் ஒன்று தென்பட்டால் பசை போட்டு ஒட்டாமல் அதைக் கழித்துவிட வேண்டும்.

மெயின் பிளேடு நீண்டு முறுக்குவிசை கூடும்போது, அதை எதிர்க்க வேண்டிய டெயில் பிளேடையும் மறந்துவிடக் கூடாது. மெயின் வேகத்தைக் குறைத்தால் கியரால் இணைந்த டெயிலின் வேகமும் கூடவே குறைகிறது. திடீரெனப் பிட்சைக் கூட்டும்போது வால் நிலைகொள்ளாமல் ஒரு பக்கம் விலகுவது இதனால்தான். டெயில் பிளேடைச் சில மில்லிமீட்டர் நீட்டினால் இது சரியாகும், ஆனால் இடைவெளிக் கணக்கை மறுபடியும் போட்டாக வேண்டும்.

இரண்டு பிளேடுகளும் ஒரே இணையாக விற்கப்பட்டவையாக இருக்கட்டும். முதலில் ஒவ்வொன்றின் எடை மையமும் ஒரே தூரத்தில் உள்ளதா என்று பார்த்து, பிறகே மொத்த எடையைச் சமன்செய்ய வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது, ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்காமலும், லேசாக உதறினால் மடங்கும்படியும் இருக்கும் அளவே பொருத்தமானது.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத திறந்த வெளியில், போதிய தூரம் தள்ளி நின்று, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். இரண்டு நுனிகளும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் நிறுத்திப் பறந்த பின் இறக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் ஈஎஸ்சியையும் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் பினியனை ஒரு பல் குறைக்கவோ பழைய நீளத்துக்கே திரும்பவோ வேண்டியதுதான்.