டெக்குக்கு என்ன ஸ்டெயின் அடிப்பது? முதலில் பலகையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

மே மாதம் பிறந்தால் போதும், கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பார்: "அண்ணை, டெக்குக்கு என்ன அடிக்கிறது?" நான் தச்சன் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற 12க்கு 16 அடி டெக்கை, அதாவது மரப்பலகை மேடையை, பதினான்கு வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். அதில் ஒரு கோடை முழுவதும் முதலில் செய்த பிழையைச் சுரண்டி எடுப்பதிலேயே போனது.

வீடு வாங்கியபோது பலகைகள் நரைத்துக் கிடந்தன. மர ரேகையே தெரியாமல் மூடிவிடுகிற சொலிட் ஸ்டெயின் என்ற மரப்பூச்சைக் கடையில் காட்டி, பல வருடம் தாங்கும் என்றார்கள். அடித்தேன், அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது குளிர்காலம் போய்ப் பனி உருகியபோது படிக்கட்டுப் பக்கம் எல்லாம் தோல் தோலாக உரிந்து நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாம்பு சட்டை கழட்டின மாதிரிக் கிடக்கு" என்றார்.

சொலிட் ஸ்டெயின் பலகைக்கு மேலே ஒரு படலமாக நிற்கும். தரைப் பலகையிலோ மழைநீர் தேங்கும், மாதக்கணக்கில் பனி கிடக்கும், ஆட்கள் நடப்பார்கள். வெடிப்பு, ஆணித் துளை, வெட்டிய முனை என்று கிடைத்த வழியில் நீர் உள்ளே போய்விடும். வெயில் அடித்ததும் அது வெளியே வரப் பார்க்கும்போது படலத்தையும் தள்ளிக்கொண்டு வரும். கைப்பிடிக்கும் வேலிக்கும் சொலிட் நல்லது, நிமிர்ந்த மரத்தில் நீர் தங்காது. தரைக்கு வேண்டாம்.

நிறமே இல்லாத சீலர் நீரை விரட்டும், வெயிலை விரட்டாது. மர நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் அரித்துவிடும். அதனால்தான் மரம் நரைக்கிறது, சிராம்பு எழும்புகிறது. ஸ்டெயினில் இருக்கிற நிறத்துகள்தான் அதற்குக் குடை. எனவே என் தெரிவு, ரேகை தெரிகிற செமி டிரான்ஸ்பேரண்ட், அதுவும் மரத்துக்குள் ஊறுகிற எண்ணெய் வகை. ஊரில் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார்களே, அதே யோசனைதான்: மரம் குடிக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் மங்கும், ஆனால் உரியாது. கழுவிக் காயவிட்டு மேலேயே திரும்ப அடிக்கலாம்.

சரி, உங்கள் பலகை குடிக்கத் தயாரா? மழை பெய்யாத இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு கரண்டி தண்ணீரைப் பலகையில் தெளித்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்து பாருங்கள். துளிகள் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றால் மரம் எதையும் வாங்காது. விளிம்பு கறுத்துப் பரவி, சில நிமிடத்தில் துளி காணாமல் போனால் அடிக்கலாம். பச்சையோ மண்ணிறமோ ஏறிய உக்காமல் இருக்க மருந்தேற்றிப் பதப்படுத்திய புதிய மரம் ஈரத்தோடுதான் கடைக்கு வரும். அது காயச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தண்ணீர்த் துளியைப் பாருங்கள். இடத்துக்கு இடம் மாறும் என்பதால், நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று நாலைந்து பலகையில் பாருங்கள்.

பழைய டெக்கை ஒக்சிஜன் பிளீச் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் பிளீச் நாரைக் கெடுக்கும். பிறகு ஒக்சாலிக் அமிலம் கலந்த பிரைட்டனர் பூசிக் கழுவினால் நரையும் ஆணித் துருக்கறையும் போய்விடும். இரண்டுக்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நீரைப் பீய்ச்சியடிக்கிற பிரஷர் வாஷரைக் கிட்டக் கொண்டுபோனால் மரம் பஞ்சுபோல் எழும்பும். உப்புத்தாள் 60 அல்லது 80ஆம் இலக்கச் சொரசொரப்பு போதும், அதைவிட வழுவழுப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. ஒரு எச்சரிக்கை: 2004க்கு முன் பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம். அதை உரசாமல் விடுவதே மேல்.

பூசுவதற்கு இங்கே ஜூனும் செப்டம்பர் முற்பகுதியும் நல்ல காலம். 10 பாகை செல்சியஸுக்குக் குறையாத, மழையில்லாத இரண்டு நாள் வேண்டும். நேர் வெயிலில் பூசினால் ஊறுவதற்கு முன்பே காய்ந்துவிடும். மூன்று பலகையாகப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் போங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் கோடு விழும். வெட்டு முனைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள், நீரை அதிகம் உறிஞ்சுவது அவைதான். கால் மணி நேரம் கழித்தும் பளபளத்துத் தேங்கி நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பிசுபிசுத்தபடியே கிடக்கும். என் டெக்குக்குப் படிக்கட்டோடு சேர்த்து ஒரு காலன் டின் பற்றவில்லை. இரண்டு வாங்கினேன். இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டுத்தான் தொடங்கினேன், டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் மாறும்.

அப்புறம், அந்தத் துடைத்த துணிகள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிக் குப்பைப் பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். கராஜுக்குள் ஒன்றைக்கூட வைக்காதீர்கள். நான் ஒவ்வொன்றாக வெளியே கல்லின் மேல் விரித்து, மொடமொடவென்று காயும்வரை விட்டுவைப்பேன்.