மனைவிக்கு ஏற்ற முதல் கைத்துப்பாக்கி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கடையை இரவில் பூட்டுவது என் மனைவிதான். தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். விற்பனையாளர் உடனே கைப்பைக்குள் அடங்கும் குட்டி பிஸ்டலை எடுத்து நீட்டினார். பெண் என்றாலே குட்டி! அதன் ஸ்லைடை, அதாவது குண்டை ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதியை, அவளால் இழுக்கவே முடியவில்லை. சிறிய பிஸ்டலில் ஸ்பிரிங் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். எடை குறைவதால் உதைப்பும் அதிகம்.

அப்புறம் டர்பனில் ஒரு சுடுதளத்தில் வாடகைக்கு வாங்கிச் சுட்டுப் பார்த்தோம். .38 ரிவால்வரில் ஸ்லைடு தொல்லை இல்லை, ஆனால் ட்ரிக்கரை அழுத்த அதிக பலம் வேண்டும். கிளாக் 19 போன்ற நடுத்தர அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டல் கைக்குப் பொருந்தியது. ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளாமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்து, மற்ற கையால் பிடியை முன்னே தள்ளச் சொன்னார் பயிற்சியாளர். விரல் ட்ரிக்கருக்கு வெளியே, குழல் இலக்கை நோக்கியே. சிக்கல் தீர்ந்தது.

என் பெயரில் வாங்கி அவளிடம் கொடுத்துவிட முடியாது. இங்குள்ள 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் அவளுக்குத் தகுதிச் சான்றிதழ், பிறகு 13ஆம் பிரிவில் உரிமம். தற்காப்புக்கு ஒன்றுதான், 5 ஆண்டுக்கு. விதிப்படியான இரும்புப் பெட்டகமும் வேண்டும். சாவி அவளிடம்தான் இருக்கிறது. உரிமம் இல்லாத எனக்கு அது எதற்கு?