இசை நாடகத்துக்குப் பாட்டு எழுத வருகிறவர்களுக்கு

என் முதல் இசை நாடகத்துக்கு 14 பாட்டு எழுதினேன். மேடையேறியது 9. வெட்டுப்பட்டவற்றில் மூன்று, தனியாகக் கேட்டால் இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாட்டு தொடங்கும்போது அதைப் பாடும் பெண் பாத்திரம் எந்த முடிவில் இருந்தாளோ, முடியும்போதும் அதே முடிவில்தான் இருந்தாள். காட்சி நகரவில்லை. அதனால் இப்போது பாட்டுக்கு முன் அவள் மனதில் என்ன இருந்தது, பின் என்ன ஆனது என்று காட்சித்தாளின் ஓரத்தில் இரண்டு வரி குறித்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கே வசனமே போதும்.

அடுத்தது வாய். வீட்டைவிட்டுப் போகும் மகளுக்கு "வந்தேன் வாசல் விட்டு" என்று முடியும் வரி எழுதியிருந்தேன். கடைசி எழுத்து உச்ச சுரத்தில் நான்கு தாளம் நிற்க வேண்டும். பாடியவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 'டு' குற்றியலுகரம், அதை எப்படி இழுப்பது? "வாசல் தாண்டிப் போனேன் நான்" என்று மாற்றினேன். 'நா' நெடில், வாய் முழுக்கத் திறக்கிறது. பொருளும் தெளிந்தது: அவள் முதல்முறை 'நான்' என்கிறாள். எழுதிய எதையும் இன்னொருவரைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். நாமே பாடினால் குறை தெரியாது.

பயிற்சிக்கு நான் நம்புவது ஒரு பழைய வழி. அமெரிக்க இசை நாடகப் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீபன் சோண்ட்ஹைம் பதின்ம வயதில் இருந்தபோது, மூத்த பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் அவருக்கு நான்கு வேலை கொடுத்தார். ரசித்த ஒரு நாடகத்தை இசை நாடகமாக்கு. பிடித்திருந்தும் குறை தெரிகிற ஒன்றை எடு. அதுவரை நாடகமாகாத ஒரு கதையை எடு. கடைசியாகச் சொந்தக் கதை எழுது. நான் செய்தது முதல் இரண்டுதான். குறையுள்ள நாடகத்தில்தான் அதிகம் கற்றேன், ஏனென்றால் எங்கே பாட்டு வைத்தாலும் கதையின் ஓட்டை தெரிந்துகொண்டே இருந்தது. வீட்டுப் பயிற்சிக்கு எந்தக் கதையையும் எடுக்கலாம். மேடைக்கு என்றால், காப்புரிமை உள்ள கதைக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் முதல் பாட்டைக்கூடத் தொடங்காதீர்கள்.

கூட்டாளி விஷயத்தில் நான் பட்டுவிட்டேன். கதை வசனம் ஒருவர், இசை ஒருவர், பாடல் வரிகள் நான். நல்ல நண்பர்கள், தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. ஒருவர் விலகினார். இரண்டு வருட உழைப்பை இன்றுவரை யாரும் மேடையேற்ற முடியவில்லை. பங்கு என்ன (மூன்று வேலைக்கும் சமமாகப் பிரிப்பது பரவலான வழக்கம்), பெயர் எந்த வரிசையில் வரும், ஒருவர் விலகினால் அவர் எழுதியது யாருடையது என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வானொலியில் பாட்டு ஒலிப்பதற்கான உரிமையும் முழு நாடகத்தை மேடையேற்றும் உரிமையும் வேறு வேறு. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் போனது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி, எழுதியாயிற்று. இனி வாசிப்பு. நாற்காலி, ஒரு பியானோ, கையில் தாளோடு நடிகர்கள், இருபது பேர் கேட்பவர்கள். நடிகர்களைப் பார்க்காமல் கேட்பவர்களைப் பார்த்து உட்காருங்கள். எந்த வரியில் இருமல் வருகிறது, எங்கே கையிலிருக்கும் நிகழ்ச்சித்தாளைப் புரட்டுகிறார்கள் என்று குறியுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். சோண்ட்ஹைமின் 1962 நகைச்சுவை நாடகம் முறையான தொடக்கத்துக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகளில் எடுபடவில்லை. தொடக்கப் பாட்டு, வரப்போவது கேலிக்கூத்து என்று சொல்லவில்லை என்றார் உதவிக்கு வந்த நாடக இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ். புதுப் பாட்டு போட்டதும் அதே நாடகத்துக்கு அரங்கம் சிரித்தது.

வருமானம் தொடக்கத்தில் சிறு வேலைகளில்தான்: குழந்தைகள் நாடகம், ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பது, பிறர் நாடகத்துக்கு இரண்டு பாட்டு. எடுத்துக்கொள்ளுங்கள், மேடை பழகும்.

தயாரிப்பாளருக்கு அனுப்பும்போது மூன்று பாட்டு போதும். ஒரு குரல், ஒரு பியானோ. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வரும் காட்சியில் அரைப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள்; யார், யாரிடம், எதற்காகப் பாடுகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.