பழைய சந்தையில் ஹெக்லர் அண்ட் கோக் பி7: ஏமாறாமல் வாங்கும் வழி

பி7 என்ற ஜெர்மன் பிஸ்டலின் தயாரிப்பு 2008-இல் நின்றுவிட்டது. இனி புதிதாக ஒன்று கடைக்கு வராது. இருப்பவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. இதை வாங்கக் கிளம்புபவர் மூன்றில் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த ரகம், அதற்கு எந்த மேகசின் (ரவைகளை அடுக்கும் கூடு), எந்த நேரத்தில் சோதிப்பது. முதல் இரண்டையும் படித்துத் தெரிந்துகொள்கிறவர்கள்கூட மூன்றாவதில் கோட்டை விடுகிறார்கள். எனவே அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டித்தே எழுதியிருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் சட்டப்படி வாங்குவோருக்கு. இந்தியாவில் 9 மி.மீ. பாராபெல்லம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படி 1: வாங்கத் தகுதி உண்டா?

கிரீன் கார்டு இருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி வாங்கலாம். டீலரிடம் நிரப்பும் படிவத்தில் ஏலியன் எண்ணை (அட்டையில் உள்ள குடியேற்றப் பதிவு எண்) கேட்பார்கள், அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஹெச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு வாங்கவும் வைத்திருக்கவும் தடை. ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. இந்த விஷயத்தில் நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள்; விசாவுக்கே வேட்டு வைக்கக்கூடிய குற்றம் இது. "உன் பெயரில் எனக்கு வாங்கிக் கொடு" என்பதும் பெரிய குற்றம்.

டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநில விதிகள் தனி. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கிக்கென்று அனுமதிச் சீட்டும் நியூயார்க்கில் பிஸ்டல் லைசென்ஸும் முன்கூட்டியே வேண்டும். ஏலத்தில் ஜெயித்துவிட்டு அதன் பிறகு விண்ணப்பித்தால், விற்பவர் அத்தனை வாரம் காத்திருக்க மாட்டார். கலிஃபோர்னியாவில் டீலர் விற்க அனுமதிக்கப்பட்ட பட்டியலில் பி7 இல்லை; அதே மாநிலத்தில் இருக்கும் ஒரு தனியாரிடமிருந்து டீலர் வழியாகக் கைமாற்றினால் அந்தப் பட்டியல் பொருந்தாது. எனவே கலிஃபோர்னியாக்காரர்கள் வெளிமாநில ஏலங்களைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை, உள்ளூர் விளம்பரங்களைத் தேடுங்கள்.

படி 2: எந்த பி7?

பி7 என்ற பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலுக்குப் பிறகு மேற்கு ஜெர்மன் போலீஸ் புதிய 9 மி.மீ. பிஸ்டல் கேட்டது, வால்தரின் பி5, சிக் சாவரின் பி6, ஹெக்லர் அண்ட் கோக்கின் பி7 ஆகிய மூன்றும் தேர்வாயின. முதலில் வந்தது பிஎஸ்பி. அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்து மாற்றியமைத்தது பி7 எம்8. இரண்டுக்கும் 8 ரவை, ஒற்றை வரிசை மேகசின்தான். 13 ரவை கொள்வது எம்13. 10 ரவைக்கு மேல் மேகசின் கூடாத மாநிலங்களில் அது தலைவலி. பாயிண்ட் 40 ரவைக்கு எம்10, பாயிண்ட் 380-க்கு கே3. இவை சேகரிப்பாளர்களுக்கு. முதல் பி7 வாங்குபவர் பிஎஸ்பி, எம்8 இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படத்தைப் பார்த்தே பிரித்தறியலாம். மேகசினை விடுவிக்கும் கொக்கி பிடியின் அடியில், குதிகாலில் இருந்தால் பிஎஸ்பி. விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மேகசினை விடுவிக்கும் சிறு நெம்பு இருந்து, விசைக்கு மேலே கறுப்புப் பிளாஸ்டிக் வெப்பத்தடுப்பு தெரிந்தால் எம்8. இந்தத் தடுப்பு அழகுக்காக வைத்ததில்லை. சுடும்போது குழலிலிருந்து வரும் வாயுவின் ஒரு பகுதி, குழலுக்குக் கீழே உள்ள சிலிண்டருக்குள் போய், ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னால் வருவதைத் தாமதப்படுத்துகிறது. அந்தச் சிலிண்டர் இருப்பது விசைக்கு நேர் மேலே. விடாமல் நூறு ரவை சுட்டால் பிஎஸ்பி விரலைச் சுடும்.

எது வாங்கலாம் என்றால், அடிக்கடி சுடப் போகிறவருக்கு எம்8. எப்போதாவது சுட்டுவிட்டுத் துடைத்து வைப்பவருக்கு பிஎஸ்பி போதும். அது ஜெர்மன் போலீஸ் உபரியாக நிறைய வந்ததால் பொதுவாக விலை குறைவு.

படி 3: தேதிக் குறி

இரண்டு எழுத்தில் ஆண்டு பொறித்திருக்கும். ஏ என்றால் 0, பி 1, சி 2, டி 3, இ 4, எஃப் 5, ஜி 6, ஹெச் 7, ஐ 8, கே 9. ஜே கிடையாது; அதை மறந்து எண்ணினால் கணக்கு ஒன்று தள்ளிப்போகும். 'ஐஇ' என்றால் 1984, 'கேபி' என்றால் 1991. பக்கத்தில் மான் கொம்பு முத்திரை இருந்தால் உல்ம் நகரச் சோதனைச் சாலையில் தேறியது என்று பொருள். விற்பவர் சொல்லும் ஆண்டு குறியோடு பொருந்தவில்லையென்றால் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம், பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் பிடியுள்ள அடிச் சட்டகத்தின் வரிசை எண்ணும் ஸ்லைடின் எண்ணும் வேறுபட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

படி 4: தேடலும் ஏலமும்

கன்புரோக்கர் என்ற துப்பாக்கி ஏலத் தளத்தில் விற்பனைக்கு இருப்பவற்றின் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். அது விற்பவரின் ஆசை. ஏலம் முடிந்தவற்றின் பட்டியலைத் திறந்து, உண்மையில் விற்றவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இப்படிக் குறித்தால் சந்தை விலை கைக்குள் வந்துவிடும். பெட்டி, கையேடு, சிலிண்டர் துலக்கும் பிரஷ், எத்தனை மேகசின் என்பதையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கடைசி நொடியில் விலை கேட்டுத் தட்டிப் பறிக்கும் உத்தி அங்கே செல்லாது. முடியும் தறுவாயில் யாராவது கேட்டால், 15 நிமிடம் யாரும் கேட்காமல் இருக்கும்வரை ஏலம் நீளும். உச்சவரம்பை முன்பே காகிதத்தில் எழுதிவிட்டு உட்காருங்கள். டீலரின் கைமாற்றுக் கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலர்; அனுப்பும் செலவு, விற்பனை வரி, கார்டில் கட்டினால் கூடுதல் தொகை எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

விலை கேட்பதற்கு முன் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்: ஸ்லைடைக் கழற்றி அதன் அடிப்பகுதி, வாயுச் சிலிண்டருக்குள் நுழையும் பிஸ்டன், குழலின் உள்பக்கம், மேகசினின் இரு பக்கம், தேதிக் குறி. "கழற்றத் தெரியாது" என்று பதில் வந்தால் அது தப்பில்லை, பின்பக்க இடப்புறப் பொத்தானை அழுத்தி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தூக்கினால் போதும் என்று சொல்லிக் கொடுக்கலாம். "படம் எல்லாம் முடியாது" என்று வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

படி 5: டீலர் மேஜையில், கையெழுத்துக்கு முன்

பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான்.

வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால் துப்பாக்கி உங்கள் வீட்டுக்கு வராது. உங்கள் ஊரில் எஃப்எஃப்எல் (கூட்டாட்சி அரசு தரும் துப்பாக்கி) லைசென்ஸ் உள்ள டீலருக்கு வரும். அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: லைசென்ஸ் இல்லாத தனியார் அனுப்பினால் வாங்கிக்கொள்வீர்களா? சிலர் டீலர் அனுப்பினால் மட்டுமே ஏற்பார்கள். அப்படியென்றால் விற்பவர் தன் ஊர் டீலர் வழியாக அனுப்ப வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

பார்சல் வந்ததும் டீலர் தன் பதிவேட்டில் ஏற்றுவார். அடுத்து 4473 படிவம், எஃப்பிஐ அல்லது மாநிலம் நடத்தும் பின்னணிச் சோதனை, பிறகு பொருள் உங்கள் கையில். விற்பவர்கள் தரும் "மூன்று நாள் சோதனைக் காலம்" பெரும்பாலும் டீலரிடம் வந்த நாளில் தொடங்கி, உங்கள் பெயருக்கு மாறிய நிமிடம் முடிந்துவிடும். ஆனால் ஆசையில் படிவத்தை நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பலர் கழற்றிப் பார்க்கிறார்கள். அப்போது குறை தெரிந்தால் திருப்பி அனுப்ப வழியில்லை. எனவே டீலரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: பேனாவைத் தொடும் முன் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு சிறு டார்ச், மரக்குச்சி, துணி, 9 மி.மீ. டம்மி ரவை இரண்டு எடுத்துப் போங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை இது. மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, ரவை நிற்கும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். டம்மி ரவை ஒன்றை அறையில் வைத்து, பாதுகாப்பான பக்கம் நோக்கி, பிடியின் முன்பக்கத்தில் உள்ள, சுடத் தயார்ப்படுத்தும் நெம்பை அழுத்துங்கள். முதல் அழுத்தம் கனமாக இருக்கும். அழுத்தியபின் பிடித்திருப்பது லேசு. அழுத்தும்போது சுடும் ஊசியின் வால் ஸ்லைடின் பின்னால் சற்று நீட்டிக்கொண்டு வர வேண்டும். விட்டால் 'டக்' என்று உள்ளே போக வேண்டும். அழுத்திப் பிடித்து விசையை இழுத்தால் ஊசி தெளிவாக விழ வேண்டும். நெம்பை விட்டபின் விசையை இழுத்தால் எதுவும் நடக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் வாங்காதீர்கள். உதிரிப்பாகம் இனி தயாரிப்பில் இல்லை, இந்த நெம்பு அமைப்பைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு.

காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை இழுத்தால் பின்னால் நிற்க வேண்டும். நெம்பை அழுத்தினால் முன்னே ஓட வேண்டும்.

அடுத்து கழற்றுங்கள். ஸ்லைடின் முனையில் தொங்கும் பிஸ்டன் தன்னைப் பிடித்திருக்கும் ஆணியில் தடையின்றி ஆட வேண்டும். அதைச் சிலிண்டரில் செருகி முன்னும் பின்னும் நகர்த்துங்கள்: வழுவழுப்பாகப் போனால் நல்லது, நறநறவென்று உரசினால் கரி. கரி குறையில்லை, பிரஷால் போகும், விலையைப் பேச உதவும். ஆனால் சிலிண்டர் சுவரில் கீறல் தெரிந்தால் நிற்க வேண்டிய இடம் அது. பிறகு குழலுக்குள் டார்ச் அடித்து, அறைக்குச் சற்று முன்னால் இருக்கும் வாயுத் துளையைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் மேலுறையில்லாத ஈய ரவை சுட்டிருந்தால் அங்கே சாம்பல் நிறப் பூச்சு ஒட்டியிருக்கும். அறைச் சுவரில் நீளவாக்கில் கோடுகள் தெரிந்து பயப்பட வேண்டாம்; அவை தொழிற்சாலையிலேயே வெட்டியவை.

நீலப் பூச்சில், இடுப்பில் மாட்டும் உறையில் உரசிய தேய்வு இருந்தால் நல்ல அறிகுறி என்றே சொல்லலாம், அதிகம் சுமந்து குறைவாகச் சுட்ட போலீஸ் துப்பாக்கி அப்படித்தான் இருக்கும். பளபளவென்று இருந்து பொறித்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் மறுபூச்சு. சேகரிப்பாளர் விலை கொடுக்காதீர்கள்.

மேகசின்: பிறகு சேர்த்தது

மேலே இதைச் சுருக்கமாக விட்டது தவறு. பிஎஸ்பி மேகசினும் எம்8 மேகசினும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கொக்கி பிடிக்கும் இடமே வேறு. இரண்டும் 8 ரவை, பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருப்பதால், பிஎஸ்பியோடு எம்8 மேகசினைச் சேர்த்து "கூடுதல் மேகசின்" என்று விற்பவர்கள் உண்டு, பெரும்பாலும் அறியாமையால். டீலர் மேஜையில் ஒவ்வொன்றையும் போட்டு, கீழே இழுத்துப் பாருங்கள். அசல் மேகசின் விலை உங்களை அதிர வைக்கும், ஆகவே இரண்டு மேகசினோடு வரும் பிஸ்டலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது லாபம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் சிலிண்டரையும் பிஸ்டனையும் பிரஷால் துலக்கி உலரவிடுங்கள். அங்கே எண்ணெய் வேண்டாம், சூட்டில் வெந்து கரியாகும். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் மட்டும் ஒரு துளி. முதல் 50 ரவை மேலுறையுள்ள 115 அல்லது 124 கிரெய்ன் (குண்டின் எடை அளவு). எட்டு எட்டாக, இடைவெளி விட்டு. வெளியே விழும் வெற்றுறைகளில் கறுப்புக் கோடுகள் இருக்கும், அது அறையின் வெட்டுகள் பதிந்தது. வெற்றுறையைச் சேர்த்துத் திரும்ப நிரப்புபவர்களுக்கு அவை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

நெம்பை அழுத்தும் கணத்தில் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும்போது எல்லா விரலும் சேர்ந்து இறுகும் பழக்கம் நமக்கு உண்டு. டம்மி ரவையோடு சில நாள் பயிற்சி செய்துவிட்டு அசல் ரவைக்குப் போங்கள்.