கடல்நீர் மீன்தொட்டியில் பாசியா? முதலில் நிறத்தைப் பாருங்கள்

புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புத் தூளாகப் படிந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. துடைத்தாலே போகும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். சிவப்பாக, வழவழவென்று ஏடுபோல உரிந்து வந்தால் அது பெரும்பாலும் சயனோபாக்டீரியா. அது ஒரு பாக்டீரியா, பாசி இனமே இல்லை. டியூப் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் படாத மூலைக்கு பம்ப்பைத் திருப்புங்கள்.

உண்மையான தலைவலி பச்சை முடிப்பாசிதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதற்குத் தீனி. ஆகவே அவை இருக்கக்கூடிய போர் தண்ணீரில் உப்பு கலக்க வேண்டாம். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கூடப் பல சமயம் போதாது, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் போய்க் கடல்நீரே பிடித்து வருபவரா? ஐப்பசி, கார்த்திகையில் முகத்துவாரம் பக்கமே போகாதீர்கள். மழைவெள்ளத்தோடு வண்டலும் நம் வயல் உரமும் அங்கேதான் கடலில் சேர்கின்றன.

முளைத்த முடியைக் கையால் பிடுங்குங்கள். மீன் தீனியைக் குறையுங்கள், விளக்கு எட்டு மணி நேரம் போதும். டர்போ நத்தை மிச்சத்தை மேயும். நீளமாக வளர்ந்துவிட்டதை அது பெரும்பாலும் சீண்டாது. கோடையில் நீர்தான் வற்றும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்; ஆகவே வற்றும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள்.