கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதலா? பணம் கொடுக்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகைக்கடையிலோ கைபேசிக் கடையிலோ, கார்டு தேய்க்கும் இயந்திரத்தின் மேல் ‘கார்டுக்கு 2% கூடுதல்’ என்று எழுதி ஒட்டியிருப்பதைக் கண்டதும், ஒட்டியிருக்கிறார்கள் என்றால் முறையான கட்டணமாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பேசாமல் கொடுத்துவிடுவதே நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. தொகையில் இத்தனை சதவீதம் என்று டெபிட் கார்டு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதை ஏற்க முடியாது என்றும், அவ்வாறு வாங்கும் கடைகளுடனான உறவை வங்கிகள் முறித்துக்கொள்ள வேண்டும் என்றும் 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி கூறிவிட்டது.

“வங்கி எங்களிடம் பிடிப்பதைத்தான் உங்களிடம் கேட்கிறோம்” என்ற பதிலை அப்படியே நம்புவது அடுத்த தவறு. எம்டிஆர் எனப்படும் கட்டணத்தை வங்கி கடைக்காரரிடம் பிடிப்பது உண்மைதான். ஆனால் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள கடைக்கு டெபிட் கார்டு எம்டிஆர் அதிகபட்சம் 0.90 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதைவிடச் சிறிய கடைக்கு 0.40 சதவீதம், உச்சவரம்பு 200 ரூபாய். இந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வங்கிக்கு உண்டு. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு நகை வாங்குபவரிடம் 2 சதவீதம் என்று 3,000 ரூபாய் கேட்கும் கடைக்கு, வரி நீங்கலாக, வங்கி பிடிக்கக்கூடியது 1,000 ரூபாய்தான். ரூபே டெபிட் கார்டாக இருந்தால் 2020 ஜனவரி முதல் எம்டிஆரே கிடையாது. திருமணத்துக்கு நகை எடுக்க வந்த குடும்பத்துக்கு 3,000 ரூபாய் சிறிய தொகை இல்லை என்பதால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இதே விதியைக் கிரெடிட் கார்டுக்கும் காட்டி வாதாடுவது எதிர்த்திசையில் நேரும் தவறு. மேற்சொன்ன உச்சவரம்புகள் டெபிட் கார்டுக்கு மட்டுமே உரியவை. கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை கடைக்கும் இயந்திரம் கொடுத்த வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும். கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் பொதுவாக இருக்கும்.

வசதிக் கட்டணத்தையும் எம்டிஆரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ரயில் டிக்கெட் முன்பதிவுக்கான ஐஆர்சிடிசி தளத்தில் வசதிக் கட்டணம் 2019 செப்டம்பரில் மீண்டும் வந்தபோது, குளிர்சாதனம் இல்லாத வகுப்புக்கு 15 ரூபாயும் குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாயும், யுபிஐ வழியாகச் செலுத்தினால் முறையே 10, 20 ரூபாயும், ஜிஎஸ்டி தனியாக என்று வைத்தார்கள். யுபிஐக்குத்தான் கட்டணமே இல்லையே, பிறகு இந்த 10 ரூபாய் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அது இணையத்தில் முன்பதிவு செய்துதரும் சேவைக்கான கட்டணம்; பணம் செலுத்தும் முறைக்கானது இல்லை. இத்தகைய கட்டணத்தை வாங்கலாம். ஆனால் முன்கூட்டியே தெரியும்படி காட்ட வேண்டும். கடைசித் திரையில் மட்டும் திடீரென்று தொகையை ஏற்றுவதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

கூடுதல் தொகையைப் பில்லில் காட்டாமல் வாங்கிக்கொண்டால் பிறகு நிரூபிப்பது கடினம். ஆகவே அதைத் தனி வரியாக எழுதித் தரும்படி கேளுங்கள். பல கடைகள் அந்த இடத்திலேயே விட்டுக்கொடுத்துவிடும். புகாரைத் தம் கார்டு வங்கிக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். கடையைக் கண்டிக்க வேண்டியது இயந்திரம் கொடுத்த வங்கி. இயந்திரத்திலிருந்து வரும் சிறு சீட்டின் தலைப்பில் பெரும்பாலும் அந்த வங்கியின் பெயரும், கீழே எம்ஐடி எனப்படும் கடையின் அடையாள எண்ணும் அச்சாகியிருக்கும். பில்லுடன் அந்தச் சீட்டையும் உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடையின் மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.