வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

திருமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாரத்தில் நான்கு நாள் நோட்டு வெறுமையாக இருக்கும். முதல் பாடவேளையிலேயே கண் சொருகும். எழுப்பி நிற்க வைத்தேன், இம்போசிஷன் கொடுத்தேன், "உனக்கு அக்கறையே இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஜூலையில் அவள் அம்மா ஒரு வேலையாகப் பள்ளிக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்னே மொட்டுப் பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. அம்மாவோடு மகளும் நாலு மணிக்கே எழுந்து போகிறாள். அந்தப் பிள்ளை ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து இயற்கணிதம் போட வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா முடியலை?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் விஷயத்தில் நான் செய்த எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்கியது.

வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதற்கு நான் இதுவரை பார்த்த காரணங்கள் கொஞ்சம்தான். பாடம் புரிந்திருக்காது. நேரம் இருக்காது. உட்கார இடம் இருக்காது. என்ன கொடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அல்லது, எழுதிக்கொண்டு போனாலும் யாரும் பார்ப்பதில்லை என்று அனுபவத்தில் தெரிந்திருக்கும். எது காரணம் என்று தெரியாமல் "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் தேடவே மாட்டோம். பிள்ளையும் கொஞ்ச நாளில் அந்தப் பெயருக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

"முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்பது

வேலை முடிந்து வீடு வரும் அப்பா அம்மா முதலில் கேட்பது இதுதான். இதற்குப் பிள்ளை "ம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பதிலாக, "இன்னைக்கு எந்தக் கணக்குல நின்ன? காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். நோட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"எங்களுக்குப் படிப்பு இல்லையே சார், நாங்க என்னத்தப் பார்க்க?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் சொல்லித்தர வேண்டாம், உங்களுக்கு அவர்கள் சொல்லட்டும். ஐந்தாவதோடு நின்ற ஒரு தாய், ராத்திரி பூக்கட்டிக்கொண்டே மகளைப் புத்தகத்தை மூடச் சொல்வார். "இன்னைக்கு அறிவியல் டீச்சர் என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு" என்பார். மகள் தடுமாறும் இடத்தில் "அதுக்கப்புறம்?" என்று மட்டும் கேட்பார். அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டி, விட்டதைக் கண்டுபிடித்து, மறுபடி சொல்வாள்.

அந்தத் தாய் செய்ததுதான் படிப்பதற்கு மிகச் சிறந்த வழிகளில் ஒன்று. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை ஒரு சாரார் இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை மாறிவிட்டது: அவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். நம் வீடுகளில் சத்தம் போட்டு வாசிப்பதைத்தான் படிப்பு என்கிறோம். சத்தம் நின்றால் "என்ன, படிப்பு நின்னுபோச்சு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. புத்தகத்தை மூடிவிட்டு யோசிக்கும் பிள்ளையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

விடியக்காலையில் எழுப்பிவிடுவது

நாலு மணிக்கு எழுந்து படித்தால் மண்டையில் ஏறும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். எட்டு எட்டரைக்கே விளக்கை அணைத்துப் படுத்த காலத்தில் அது சரி. இன்றைக்கு டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, போனைக் கொஞ்சம் தடவிவிட்டுப் பிள்ளை படுக்கும்போது மணி பதினொன்று ஆகிறது. நாலு மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். போதாததற்கு இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிடப் பிந்திச் சுரக்கிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வராததைத் திமிர் என்று நினைக்காதீர்கள்.

அன்றன்று படித்தது மனதில் தங்குவதற்கும் தூக்கம்தான் வேண்டும். அதைப் பிடுங்கிப் படிப்புக்குக் கொடுத்தால் படித்ததும் சேர்ந்து போகிறது. காலையில்தான் நன்றாக ஓடுகிறது என்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை ராத்திரி சீக்கிரம் படுக்கவிடுங்கள், அது போதும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்"

சேர்க்கையின்போது எத்தனையோ அப்பாக்கள் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆசிரியர் மீது வைத்திருக்கும் நம்பிக்கையில் சொல்கிறார்கள் என்று தெரியும், அந்த நம்பிக்கைக்கு வணங்குகிறேன். ஆனால் அந்த உரிமையைப் பெற்றவர் கொடுத்தாலும் சட்டம் கொடுக்கவில்லை. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், உடலை வருத்தும் தண்டனை, மனதை வதைப்பது இரண்டையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு என்பதால் பத்தாம் வகுப்பில் அடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். தன் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடுங்கள். அடி என்ன கற்றுத் தருகிறது என்று பாருங்கள். காலை மணி அடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வந்து வகுப்பறைகளின் பின் பெஞ்சுகளைப் பார்த்தால் தெரியும். ஒரு நோட்டைச் சுற்றி ஆறு பேர், தலை நிமிராமல் காப்பி அடித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அடி விழாது, நோட்டு நிறைந்திருக்கும். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் கணக்கு வராது. அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் டைரியை ஒளிக்கும், அப்புறம் வயிற்று வலி என்று லீவு போடும். என் கவலை அதற்கடுத்த கட்டம். பள்ளிக்கு என்று கிளம்பிப் பள்ளிக்கு வராமல் போவது.

இம்போசிஷனும் எனக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. எழுதவில்லை என்பதற்காக இருபது தடவை எழுதச் சொல்கிறோம். எழுதுவதே தண்டனை என்றால், நாளைக்கு ஆசையாகப் பேனாவை எடு என்று எந்த வாயால் சொல்வது? விட்டுப்போன வேலையை விட்டவர் முடிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முடிக்கும் நேரத்தை நாம் பக்கத்தில் இருந்து ஒதுக்கித்தர வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் பட்டியலைப் போடும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நாற்பது குடும்பம் அதைப் பார்க்கிறது. அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது, அந்தக் கோபம் முழுக்க அன்று ராத்திரி பிள்ளை மேல்தான் இறங்கும். சொல்ல வேண்டியிருந்தால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லலாம்.

போனில் வரும் வீட்டுப்பாடம்

கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, இன்னும் பல இடங்களில் நிற்கவில்லை. பாடத்தைப் பார்க்கப் போனை எடுத்த பிள்ளை ரீல்ஸில் முக்கால் மணி நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தால், பாதிக் குற்றம் அனுப்பிய நம்முடையது. கடைசிப் பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எல்லாரும் டைரியில் எழுதியாயிற்றா என்று பார்த்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

"முதல் மார்க் எடுத்தா போன் வாங்கித் தரேன்"

அடிக்க மனம் வராதவர்கள் இந்தப் பக்கம் போகிறார்கள். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதியாகிவிட்டது. சொல்லாமல் கடைசியில் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. அவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்தான். ஆனால் "இதைப் படிச்சா என்ன தருவீங்க?" என்று கேட்கும் பதினைந்து வயதுப் பையன்களிடமும் நான் இதையேதான் பார்க்கிறேன். பரீட்சை முடிந்த சாயங்காலம் கோரிப்பாளையத்தில் ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள், நன்றாகச் சாப்பிடட்டும். இத்தனை மார்க்குக்கு இது என்று முன்னாலேயே விலை பேசாதீர்கள்.

பாராட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. "வெரி குட்" என்பது காதில் விழுந்து போய்விடும். "நேத்து பாதியில விட்ட கணக்கை இன்னைக்கு யாரும் சொல்லாமலே எடுத்துட்ட, கவனிச்சேன்" என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். சித்தப்பா மகனோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பேசுவதால் அந்தச் சித்தப்பா மகனைப் பிடிக்காமல் போகிறதே தவிர, படிப்பு வருவதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் அளவு மீறுவது

ஐந்து பாடத்துக்கு ஐந்து ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் "அரை மணி நேர வேலைதானே" என்று கொடுத்தால் இரண்டரை மணி நேரம். அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: வகுப்புக்குப் பத்து நிமிடம், எல்லாப் பாடமும் சேர்த்து. ஒன்பதாம் வகுப்பென்றால் ஒன்றரை மணி நேரம். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆசிரியர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து, எந்தக் கிழமை யார் கொடுப்பது என்று ஒரு தடவை பேசிக்கொள்ளலாம். நாங்கள் பேசினோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் திருத்துவது. முன்பு பத்துக் கணக்கு கொடுத்து மேலே ஒரு டிக் அடித்துவிடுவேன். இப்போது மூன்றுதான் கொடுக்கிறேன், மூன்றையும் வரி வரியாகப் பார்க்கிறேன். எங்கே தப்பியது என்று ஓரத்தில் எழுதுகிறேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பொங்கல் லீவுக்கு வீட்டுப்பாடமே கொடுப்பதில்லை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஊரே வாடிவாசல் பக்கம் இருக்கும்போது, வீட்டில் மாடு வளர்க்கும் பையனிடம் நாற்பது கணக்கைக் கொடுத்துவிட்டு அவன் செய்யவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை. திரும்பி வந்த முதல் வாரம் திருப்புதல் தேர்வுக்கு நன்றாக உட்காருகிறார்கள்.

இடம் என்று ஒன்று வேண்டும்

எட்டு மணிக்கு சீரியல் ஓடும் ஒற்றை அறையில் "படி" என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தனி அறை யாரும் கேட்கவில்லை. திண்ணையில் ஒரு மூலை, ஒரு பலகை, நல்ல விளக்கு, தினமும் ஒரே நேரம். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவி வேண்டாம், பெரியவர்கள் கையில் போனும் வேண்டாம். மதுரை நகருக்குள் இருப்பவர்களுக்கு 2023-ல் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சனி, ஞாயிறில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அத்தனை பேர் சத்தமில்லாமல் படிப்பதைப் பார்த்தாலே பிள்ளைக்கும் உட்காரத் தோன்றும்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. பூப்பறிப்பை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. பள்ளி நாட்களில் மட்டும் அவளை எழுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் விட்டார், அதுவே பெரிய உதவி. மதியம் சாப்பிட்டபின் இருபது நிமிடம் வேப்பமரத்தடியில் என்னோடு உட்கார்ந்து மூன்று கணக்கையும் முடித்துவிடுவாள். முதல் இரண்டு வாரம் பாதி நாள் வரவில்லை, போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் தானாக வந்தாள், கூடவே தோழி ஒருத்தியையும் கூட்டி வந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறிவிட்டாள். இந்த வருஷம் அந்த மரத்தடியில் ஏழு பேர் உட்காருகிறார்கள். மழை வந்தால் வராண்டாவுக்கு மாறிக்கொள்கிறோம்.